நான்கு படங்களில் விழுந்தவன்

பல்சானி தயாரித்த படங்களில் எல்வியோ தக்கோனி இதுவரை மூன்று முறை செத்திருந்தான். உண்மையில் செத்தது ஒரே முறை, முதல் படத்தில். மற்ற இரண்டும் அந்த ஒரு சாவை வெட்டி ஒட்டியவை.

‘உர்தாக்கின் சாபம்’ படத்தில் அவன் மந்திரவாதியின் கோட்டைக் காவல்காரன். நெஞ்சில் அம்பு பட்டு, கோபுரத்தின் உச்சியிலிருந்து முதுகுப்புறமாக விழுவான். அடுத்த வருடம் வந்த ‘உர்தாக்கின் மகன்’ படத்தில் அதே காட்சிக்கு நீலச் சாயம் ஏற்றி நிலா வெளிச்சம் என்றார்கள். அதற்கடுத்த ‘பனி ராணியின் வாள்’ படத்தில் இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள். ஜூலை வெயிலில் வியர்த்து வழிய விழுகிறவனுக்குப் பனி நாட்டில் என்ன வேலை என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலில் மட்டும் அவன் எதிலும் இல்லை. கதாநாயகன் முதல் குதிரைக்காரன் வரை எல்லோருக்கும் அமெரிக்கப் பெயர் வைத்து ஊரை ஏமாற்றுகிற பல்சானிக்கு, செத்தவனுக்கு ஒரு பொய்ப் பெயர் வைக்கக்கூட மனம் வரவில்லை.

எல்வியோவின் அக்கா நோர்மாவுக்கு ரோமில் திபுர்த்தினா சாலையோரம் இருந்த டப்பிங் கூடத்தில் வேலை. எங்கள் ஊரில் இந்த வாள்சண்டைப் படங்களை ஊமையாகத்தான் எடுப்பார்கள். கதாநாயகன் ஆங்கிலத்தில் பேசுவான், ராணி பிரெஞ்சில் பதில் சொல்வாள், வசனம் இல்லாத துணை நடிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்பார்கள். காமிரா ஓடும்போதே டைரக்டர் கத்துவார், பின்னால் ஒருவன் சாப்பாடு எப்போது என்று கேட்பான். சத்தம் பதிவாகாது என்கிற தைரியம். பிறகு படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, டப்பிங் கூடத்தில் ஓட்டுவார்கள். குரல் உதட்டில் போய் உட்காரும்வரை அந்த ஒரே துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். திரையில் அசையும் உதட்டைப் பார்த்து அதற்குப் பொருந்துகிற வசனம் எழுதுவதுதான் நோர்மாவின் பிழைப்பு. இருபது வருடமாக உதடுகளையே பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் எதிர்வரிசையில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி பேச்சைக்கூட அவள் கேட்காமலேயே படித்துவிடுவாள்.

பல்சானியின் படங்களை அவள் தொட்டதில்லை. இரண்டு முறை வந்ததை வேறு ஆளிடம் தள்ளிவிட்டாள். நான்காவது படத்தை மட்டும் தானே கேட்டு வாங்கினாள். காரணம் பல்சானி அல்ல, ஓரெஸ்தே.

ஓரெஸ்தே பல்சானியின் சண்டைப் பயிற்சியாளன். எல்வியோவுக்கு விழக் கற்றுக்கொடுத்தவன், கோபுரக் காட்சி எடுத்த அன்றைக்கு அட்டைப்பெட்டிகளை மூன்று அடுக்காக அடுக்கி மேலே மெத்தை போட்டவன். அந்த மெத்தையில் விழ வேண்டியவன் அதற்கு இரண்டு முழம் தள்ளிக் கல்லில் விழுந்து செத்தான். விசாரணையில் ஓரெஸ்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டான்: எல்வியோ குடித்திருந்தான், சைகைக்கு முன்பே குதித்துவிட்டான். நீதிமன்றமும் அப்படியே எழுதிக் கோப்பை மூடியது.

எல்வியோ ஒரு சொட்டு ஒயின் தொடமாட்டான். வயிற்றுப்புண். எல்லோரும் ஒயின் குடிக்கும்போது பால் கேட்பான், அதற்காக அவனைக் கன்றுக்குட்டி என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் பெயருக்கு நேராகக் ‘குடிபோதை’ என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியாயிற்று. கறிக்கடையில் நின்ற அம்மாவின் காதில் விழுகிற மாதிரியே ஒருத்தி, “குடிச்சுட்டு ஏறினா வேற என்ன ஆகும்?” என்றாள். அன்றிலிருந்து அம்மா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை அழிக்க வேண்டும். மூன்று வருடமாக நோர்மாவுக்கு வேறு நினைப்பில்லை.

பல்சானியின் எல்லாப் படங்களுக்கும் வாள்சண்டை முனகல், அடிபட்ட அலறல் எல்லாம் கொடுப்பது ஓரெஸ்தேதான். இந்தப் படத்திலும் எல்வியோ விழப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் நோர்மா முடிவு செய்தாள். அந்தக் காட்சியை வளையமாக்கி, ஓரெஸ்தேயை மைக் முன்னால் நிறுத்தி, பொய்க் கையெழுத்துப் போட்டவனின் வாயாலேயே அந்த அலறலைப் போட வைக்க வேண்டும். முதல் தடவையில் விடக்கூடாது. ‘பொருந்தவில்லை, இன்னொரு தடவை’ என்று ஐம்பது தடவை அலற வைக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு வாய் இனித்தது.

படத்துண்டு திங்கட்கிழமை வந்தது. எடிட்டிங் மேசையில் மாட்டி ஓட்டிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று படங்களிலும் வந்ததைவிட இது நீளம்.

அதற்கும் காரணம் கஞ்சத்தனம்தான். எண்பத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்தால் வாங்க மாட்டேன் என்று வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டான். கையிலிருந்தது எழுபத்தெட்டு. புதிதாக எடுக்க மனமில்லாமல் இருப்பதையெல்லாம் இழுத்துவிட்டார்கள். குதிரை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. கோபுரக் காட்சியிலும் இத்தனை நாள் வெட்டி எறிந்திருந்த முன்பகுதியைத் தேடி எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பதினொரு நொடியை நோர்மா இதுவரை பார்த்ததே இல்லை.

கோபுரத்தின் மேல் எல்வியோ முதுகைக் காட்டி நிற்கிறான். கீழே, காமிராவுக்குப் பக்கத்தில், தலைமுக்காடு போட்ட ஒரு பூசாரி. ஒட்டுத்தாடி, பெரிய மூக்கு. அது பல்சானியேதான். ஒரு துணை நடிகனின் தினக்கூலியை மிச்சம் பிடிக்க அவரே அங்கி மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அவர் காமிராப் பக்கம் காது கொடுக்கிறார், பிறகு கையை வீசி ஏதோ கத்துகிறார். உடனே இரண்டு காவல்காரர்கள் குனிகிறார்கள். படத்தின் அடிவிளிம்பில் பழுப்பாக ஒரு மூலை தெரிகிறது, நகர்கிறது, மறைகிறது. எல்வியோ விழுகிறான்.

‘வழக்கம்போல எண்ணியிருப்பார்’ என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் எங்கள் இத்தாலிய மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினால் மேலுதடும் கீழுதடும் ஒருமுறைகூட ஒட்டாது. டப்பிங்காரர்களுக்கு இது அரிச்சுவடி. பூசாரியின் உதடு நான்கு முறை ஒட்டியது.

சாப்பிடப் போகவில்லை. அந்தப் பதினொரு நொடியை முன்னும் பின்னும் ஓட்டினாள். நாற்பது முறையாவது தம்பி விழுந்திருப்பான். மாலைக்குள் பூசாரியின் வாயிலிருந்து இரண்டு வார்த்தைகள் பிடிபட்டுவிட்டன. பெட்டி. இழு.

பெட்டிக்குவியலின் ஓரம் காமிராவில் தெரிந்திருக்கிறது. ஓடுகிற ஃபிலிமை நிறுத்தினால் நஷ்டம். அதனால் கூலிக்கு வந்த இரண்டு பேரை விட்டுக் குவியலை இழுக்கச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். முதுகைக் காட்டி நின்ற எல்வியோவுக்கு அது தெரியாது. கோபுர உச்சியில் அவன் காலடியில் சுவருக்குப் பின்னால் பதுங்கி, காலைத் தட்டிச் சைகை கொடுத்த ஓரெஸ்தேவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

நோர்மா எழுந்தாள். மூன்று வருடமாகத் தப்பான ஆளைச் சபித்திருக்கிறாள். அதற்காக ஓரெஸ்தேயை மன்னிக்கத் தோன்றவில்லை. பொய்க் கையெழுத்து பொய்க் கையெழுத்துதான். ஆனால் வெறி முழுவதும் ஒரே நொடியில் வீடு மாறிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினால் நிழல் என்பார்கள், ஒட்டுத்தாடிக்குள் என்ன தெரிகிறது என்பார்கள். அன்று சாயங்காலமே பல்சானி நெகட்டிவைக் கொளுத்திவிடுவார். அவர் வாயால் வர வேண்டும். கேட்க வேண்டியவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் தொலைபேசியை எடுத்தாள்.

“தொத்தோரே, கோபுரக் காட்சியில உங்க மூஞ்சி முன்னாடி வருது. வாய் அசையுது. சும்மா விட முடியாது, ஒரு வசனம் வேணும். குரலுக்கு ஒரு நடிகனைச் சொல்லட்டுமா?”

எங்கள் ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுப்பவரெல்லாம் தொத்தோரே, படித்துப் பட்டம் வாங்கியவர். பல்சானி ஆறாம் வகுப்பு தாண்டாதவர்.

“நடிகனா? எதுக்கு நடிகன்? வாய் என்னுது, குரலும் என்னுதா இருந்துட்டுப் போகட்டுமே. எப்ப வரணும்?”

“புதன்கிழமை பத்து மணிக்கு.”

ஓரெஸ்தேயையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னாள்.

புதன்கிழமை ஓரெஸ்தேதான் முதலில் வந்தான். ஒரு காலத்தில் கதவை மறைக்கிற உருவம். இப்போது சட்டை தோளில் தொங்கியது. காலை நேரத்திலேயே வாயில் சாராய வாடை.

“எப்படி இருக்கே நோர்மா?” என்றான், தரையைப் பார்த்து.

“அந்த நாற்காலியில உக்காருங்க. உங்க முறை அப்புறம்.”

பல்சானி வாசனையோடு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய கிரீம் பன். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு முன்னால் இருந்த குயிரீனோவுக்குக் கையசைத்தார். குயிரீனோ அவருக்கு இருபது வருடமாக ஒலிப்பதிவாளர். “என்னப்பா, இன்னைக்கு நட்சத்திரம் வந்திருக்கேன், ஒழுங்காப் பதிவு பண்ணு” என்று சிரித்தார்.

விளக்கு அணைந்தது. வளையம் ஓடத் தொடங்கியது. பூசாரி கத்தினார், காவல்காரர்கள் குனிந்தார்கள், எல்வியோ விழுந்தான். பூசாரி கத்தினார். நோர்மா ஓரக்கண்ணால் பல்சானியைப் பார்த்தாள். அந்த ஆள் கோபுரத்துப் பக்கமே திரும்பவில்லை. மூன்று முறை விற்ற சரக்கில் பார்க்க என்ன இருக்கிறது? தன் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரெஸ்தே தலையைக் குனிந்து கையால் நெற்றியைத் தாங்கியிருந்தான்.

அவள் எழுதிவைத்திருந்த வசனம்: ‘நெருப்பின் தெய்வமே, எழுந்து வா!’ பொருந்தக் கூடாது என்றே எழுதியது. இருபது வருடத்தில் வேண்டுமென்றே பிழையாக எழுதியது அதுதான் முதல் முறை.

பல்சானி தொண்டையைச் செருமி முழங்கினார். குரல் முடிந்த பிறகும் திரையில் வாய் ஆடியது.

“இன்னொரு தடவை, தொத்தோரே.”

பத்தாவது சுற்றில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பதினைந்தாவதில் பன்னைத் தூக்கிப் பெஞ்சில் எறிந்தார்.

“என்ன எழவு வசனம் எழுதியிருக்க நீ? உக்காரவே மாட்டேங்குது!”

“உதடு நடுவுல நாலு தடவை மூடுது. அன்னைக்கு நீங்க என்ன பேசினீங்கன்னு தெரிஞ்சா அளவு பிடிச்சு எழுதிடுவேன்.”

“எண்ணியிருப்பேன். வேற என்ன?”

“சரி, எண்ணுங்க.”

எண்ணினார். அவர் ‘ஐந்து’ என்னும்போது திரையில் வாய் மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குயிரீனோ சிரிப்பை அடக்கினான்.

“விடுங்க தொத்தோரே,” என்றாள் நோர்மா, மிக மெதுவாக. “எல்லாருக்கும் இது வராது. வெள்ளிக்கிழமை ஒரு நடிகனைக் கூப்பிட்டுக்கலாம். உங்களால முடியலைன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“என்னால முடியலையா? என் வாய்க்கு என்னால பேச முடியாதா? நாற்பத்திரண்டு படம் எடுத்தவன்டி நான்! ஓட்டுடா!”

வளையம் சுற்றியது. இந்த முறை அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த தன் வாயை வெறித்துப் பார்த்து, கூடவே தாமும் வாயை அசைத்தார். சத்தம் இல்லாமல் ஒரு சுற்று. முனகலாக ஒரு சுற்று. முதல் வார்த்தை மாட்டியதும் மீதி தானாக வந்தது. கையைக்கூட அதே மாதிரி வீசினார்.

“பெட்டிய இழுங்கடா! அந்தப் பக்கம், இன்னும் அந்தப் பக்கம்! படத்துல தெரியுது பாரு, சட்டுனு இழு!”

ஒரு மயிரிழை பிசகவில்லை. மூச்சு விட்ட இடம்கூடப் பொருந்தியது.

“ஒட்டிச்சு!” பல்சானி தொடையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. “பாத்தியா? என்னமோ நடிகன் நடிகன்னியே! அப்படியே உக்காந்துச்சு பாரு!”

எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். சிரிப்பு முதலில் கண்ணிலிருந்து போயிற்று, பிறகு வாயிலிருந்து. அவர் திரையைப் பார்த்தார். காவல்காரர்கள் குனிந்தார்கள். எல்வியோ விழுந்தான். இன்றைக்குத்தான் அந்த ஆள் அவன் விழுவதைப் பார்த்தார்.

“குயிரீனோ, அதை அழி,” என்றார்.

குயிரீனோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அழின்னு சொன்னேன்!” பிறகு நோர்மாவிடம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். “ஏம்மா, இத வச்சு என்ன பண்ணப் போற? இது டப்பிங். நீ எழுதிக் குடுத்தே, நான் படிச்சேன். வசனத்தை எவன் சாட்சியா எடுத்துப்பான்?”

“வசனத்தை எடுத்துக்க மாட்டாங்க,” என்றாள் நோர்மா. “அதுக்குத்தான் அவரையும் கூப்பிட்டேன்.”

ஓரெஸ்தே எழுந்து நின்றிருந்தான். அவன் பல்சானியைப் பார்க்கவில்லை. திரையின் அடிவிளிம்பில், பழுப்பு மூலை நகர்கிற இடத்தையே பார்த்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் விரலை நீட்டினான்.

“என் பெட்டி. கயிறு கட்டியிருக்கேன் பாரு. ரெட்டை முடிச்சு. நான் வச்ச இடத்துலதான் இருந்திருக்கு.”

“ஓரெஸ்தே, நான் சொல்றதைக் கேளு...”

“நீ சொன்னதைத்தான்யா கேட்டேன்! ‘பெட்டிய கோணலா வச்சுட்டே, ஓரெஸ்தே, நீதான் அவனைக் கொன்னே, உன்னை ஜெயிலுக்குப் போக விடமாட்டேன், குடிச்சிருந்தான்னு எழுதிக் குடு’ன்னு என் தோள்ல கை போட்டுச் சொன்னியே! உன் கையப் புடிச்சு முத்தம் குடுத்தேன்யா நான். மூணு வருஷமா நான்தான் கொன்னேன்னு நெனச்சுட்டு ஒரு ராத்திரி தூங்கல. புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. காலையில எழுந்ததும் குடிக்கிறேன். குடிகாரன் அவன் இல்லடா, என்னைத்தான் நீ குடிகாரனாக்கினே!”

பல்சானி கதவைப் பார்த்து நகர்ந்தார். ஓரெஸ்தே முந்திக்கொண்டான். அடிக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றான், அவ்வளவுதான். சட்டை தொளதொளத்தாலும் கதவை மறைக்க அந்த உருவம் இன்னும் போதுமானதாக இருந்தது.

“நோர்மா,” என்றான். “அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியுமா?”

“முடியும். நீதிபதி முன்னாடி போய், அன்னைக்குச் சொன்னது பொய்னு சொல்லணும். உங்களையும் உள்ள போடலாம்.”

“போடட்டும். பால் குடிச்சான்னு சொல்றேன். அன்னைக்குக் காலையிலகூட என் பிளாஸ்க்லேருந்துதான் ஊத்திக் குடிச்சான். எல்லாத்தையும் சொல்றேன். இவன் சொல்லித்தான் செஞ்சேன்னும் சொல்றேன்.”

பதில் சொல்ல வந்தால் நோர்மா அழுதுவிடுவாள், பல்சானிக்கு முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“குயிரீனோ, குரலோட சேத்து ஓட்டு.”

குயிரீனோ ஓட்டினான். இந்த முறை பூசாரி வாய் திறந்ததும் அறை முழுக்கப் பல்சானியின் குரல் வந்தது. பெட்டிய இழுங்கடா. காவல்காரர்கள் குனிந்தார்கள். எல்வியோ விழுந்தான். பெட்டிய இழுங்கடா. எல்வியோ விழுந்தான்.

பல்சானி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாவது சுற்றில் கண்ணை மூடினார். கண்ணை மூடினால் காது மூடுமா? ஒன்பதாவதில் இரண்டு கையையும் காதில் வைத்து அழுத்தினார். மூக்கு ஒழுகியது.

“நிறுத்தச் சொல்லு, நோர்மா. உனக்குப் புண்ணியமாப் போகட்டும். நிறுத்தச் சொல்லு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயதான மனிதர், கழுத்துச் சதை ஆடுகிறது, கால்சட்டையில் பன் கிரீம் ஒட்டியிருக்கிறது. பாவம் என்று தோன்றுமோ என்று சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். தோன்றவில்லை.

“நீதிமன்றம் எத்தனை மணி வரைக்கும்?” என்று கதவிலிருந்து ஓரெஸ்தே கேட்டான்.

“ஒரு மணிக்கு மூடிடுவாங்க.”

“இப்ப மணி என்ன?”

நோர்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். நடந்து போனாலும் இருபது நிமிடம்தான்.

“நேரம் இருக்கு,” என்றாள். நாற்காலியை இழுத்துப் பல்சானிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். “ஓட்டு, குயிரீனோ.”